புகையைக் குறைத்தது நான்

குழந்தைவேல், வயது 54, தந்தை பெயர் ஆண்டி, நாமக்கல் பரமத்தி சாலையில் குடியிருந்து டீசல் பம்ப் பட்டறை நடத்திவருபவர், காவல் நிலையத்துக்குத் தாமாக வந்து அளித்த வாக்குமூலம்:

நான் முப்பத்தோரு வருடமாக லாரிகளுக்கு டீசல் பம்ப் வேலை செய்துவருகிறேன். ஜேடர்பாளையத்தில் மீன் வறுத்து விற்கும் நல்லம்மாளின் கால் முறிந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் மதன், வயது 26, என் மனைவி சாரதாமணியின் அண்ணன் மகன். அரசு வேலைக்குத் தேர்வாகி, காவல்துறைச் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறார்.

மதனிடம் ரிமோட்டில் ஓடும் சிறிய லாரி ஒன்று உள்ளது. அது பேட்டரி வண்டி அல்ல, நைட்ரோ என்ற எரிபொருளில் ஓடும் நிஜ எஞ்சின் உடையது, எடை ஐந்து கிலோ இருக்கும். சென்ற சனிக்கிழமை காலை பதினொரு மணியளவில், ஸ்டார்ட் ஆகவில்லை என்று அதை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே கம்பி அறுந்திருந்தது. வேறு பிளக் போட்டதும் எஞ்சின் ஓடியது, ஆனால் வெள்ளையாகப் புகை விட்டது. குறைக்கட்டுமா என்று கேட்டதற்கு மதன், "வேண்டாங்க மாமா. இந்த நைட்ரோவுலயே ஆயிலும் கலந்திருக்குது. பொகை வந்தாத்தான் எஞ்சினு தாங்கும்" என்று கூறினார். நான் தலையாட்டினேனே தவிர மனதில் ஏற்கவில்லை. புகை விடும் வண்டியை நான் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பியதே இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்ற எண்ணமும் இருந்தது.

அதன் பிறகு மதன் சாப்பிடப் போனார். அந்த நேரத்தில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை நான் ஒரு முழுச் சுற்று உள்ளே திருகினேன். எஞ்சின் நின்று நின்று போனதால், சும்மா நிற்கும்போது அது ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடில் திருகையும் கூட்டிவைத்தேன். புகை அடங்கியது, சத்தமும் கணீரென்று வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மதனிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவரும் ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு அருகில் உள்ள காலி இடத்துக்குப் போனோம். "இன்னைக்கு என்னமா இழுக்குதுங்க மாமா!" என்று மதன் சந்தோஷப்பட்டார். கால் மணி நேரத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தும் வேகம் இறங்கவில்லை. பிரேக் கொடுத்தும் வண்டி இழுத்துக்கொண்டே போனது. மதன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். கழுவிய மீனைத் தட்டில் ஏந்தி எதிரே வந்த நல்லம்மாளின் வலது முழங்காலுக்குக் கீழே வண்டி மோதியது. கீழே விழுந்தவர் முதலில் மண்ணில் சிதறிய மீன்களைத்தான் எட்டிப் பொறுக்கினார். பிறகுதான் காலைப் பார்த்தார்.

அதன் பிறகு மதன் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இந்த நிலையத்துக்கு வந்து, "ட்யூன் பண்ணுனது நாந்தானுங்க சார்" என்று கூறினார். நான் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. பயமும் வெட்கமும்தான் காரணம்.

ஜாமீனில் வந்த மதன், திருகு அளவுகளைக் குறித்துவைக்கும் நோட்டோடு நேற்று என் வீட்டுக்கு வந்தார். "எல்லாஞ் சரியாத்தான் வெச்சிருக்கறனுங்க. எங்கீங்க மாமா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டார். நான், "தெரியலயே சாமி" என்றேன். அவர், "உங்களுக்கே தெரியலீன்னா, அப்ப எம்மேலதானுங்க தப்பு" என்று நோட்டை மூடிக்கொண்டு போனார்.

நைட்ரோவும் அதில் கலந்த ஆயிலும் குறைந்து எஞ்சின் அதிகமாகச் சூடேறியதாலும், ஐடில் கூடியிருந்ததாலும்தான் வண்டி அடங்காமல் ஓடியது. திருகைத் திருப்பியபோது எனக்கு விவரம் தெரியாது. தெரியாது என்று சொன்னபோது எனக்கு எல்லாம் தெரியும். கைப்பற்றிய வண்டியில் ஊசித் திருகு இருக்கும் அளவை மதனின் நோட்டோடு ஒப்பிட்டால் நான் சொல்வது விளங்கும்.

இன்று ஜாமீன் நிபந்தனைப்படி கையெழுத்துப் போட வந்த மதனுக்குத் துணையாக வருவதாகச் சொல்லித்தான் வந்தேன். அவர் எனக்காக வெளியே காத்திருக்கிறார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை. மதனையும் உள்ளே அழைத்துப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் அவரிடம் சொல்ல எனக்கு வரவில்லை.

(ஒப்பம்) ஆ. குழந்தைவேல்