அணில் வீட்டுப் புஸ்தகம்

ஹலோ... அப்பா, பிரியா பேசுதேன்... ஆமா, அம்மா போன்தான். எலுமிச்சங்கா மார்க்கெட்லயா நிக்கீங்க? கொஞ்சம் ஓரமா வாங்க, இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.

...ம்ம்... இல்ல, யாருக்கும் ஒண்ணுமில்ல. சின்னப்பிள்ளையில பிடிச்ச புஸ்தகத்தத் திரும்பப் படிச்சிட்டு எழுதிட்டு வரணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. அதான் உள்ரூம் அலமாரியத் திறந்தேன்... தொடல. மூலையில இருக்க கரையான் புத்தத் தொடல அப்பா. அம்மா பூசுன மஞ்சள் அப்படியே இருக்கு.

...ஆமா, ஆமா, அதேதான். அணில் வீட்டுக் கத. நீங்க காக்கா குரல்ல படிப்பீங்கள்லா... சிரிக்காதீங்க. அட்டை மட்டுந்தான் இருக்கு. உள்ள பூரா கரையான் மண்ணு. தூக்குனா எடையே இல்ல. நடுவுல ரெண்டு பக்கம் தப்பிச்சிருக்கு. வீடு முனங்குதுன்னு அணில் ஒவ்வொருத்தர்ட்டயா போய்ச் சொல்லும், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, அந்த இடம். அப்ப அதுக்குத்தான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இப்பப் படிக்கையில சிரிப்பு வரல.

...புஸ்தகம் போனாப் போகுது, நான் அதுக்கு அழல. அலமாரிக்குப் பின்னால இருந்து மண்ணு கோடா மேல ஏறிப் போகுது. உத்திரத்துக்கு. ஸ்டூல் போட்டு ஏறித் தட்டிப் பாத்தேன்... இருங்க, போன அங்கன வைக்கேன். கேளுங்க.

...கேட்டுச்சா? கட்ட சத்தமா இது? உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரில்லா கேக்குது.

...என்னது? ஆசாரி எப்ப வந்து பாத்தாரு? ... போன மாசமா? இந்த ரூம்ல ஆள விடாதீங்கன்னாரா?

...அம்மாட்ட சொல்லவேயில்லையா? ... அது சரி. மூலையில புத்து கிளம்புனப்ப அம்மனே வீடு தேடி வந்துட்டான்னு சொன்னது நீங்கதான. அம்மன் கோயில் ஆடித்தவசு முடியுமுன்ன புத்த இடிச்சாப் பாவம்னு வச்சிட்டு இருந்தீங்களாக்கும்... திட்டல அப்பா. பயமா இருக்கு. மேல புது டேங்க் வேற வச்சிருக்கீங்க. அம்மா காலையிலேயே மோட்டார் போட்டு நிறைச்சிட்டா.

...இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா. புத்துக்குப் பால் ஊத்தத் தெருவே வந்திருக்கு... இல்ல, முன்னாடி இல்ல. இந்தா, உள்ரூமுக்கே வந்துட்டாங்க. என்னைய ஸ்டூல்ல இருந்து இறங்கி வெளிய போகச் சொல்லுதா அம்மா... ஆமா, ரூம் வாசல்ல நிக்கேன். பக்கத்து வீட்டுத் தேன்மொழி அக்கா கைப்பிள்ளையோட புத்துகிட்டயே உக்காந்திருக்கா.

...சரி, சரி, குடுக்கேன். அம்மா, அப்பா பேசணுமாம்... அம்மா, ஒரு நிமிசம்...

...கைய ஆட்டிட்டா அப்பா. தீபாராதன முடியட்டுமாம். நீங்க தவசு முடியட்டும்ங்கீங்க, அவ இது முடியட்டும்ங்கா.

...கத்திட்டுத்தான் இருக்கேன். குலவ போடுதாங்க, யாருக்கும் கேக்கல... அப்பா... உத்திரத்துல இருந்து மண்ணு உதிருது.

...இல்ல. ஓடல. ஒருத்தரும் ஓடல. அம்மன் புத்துமண்ணு குடுக்கான்னு முந்தானைய விரிச்சிப் பிடிக்காங்க. அம்மா அத எடுத்து நெத்தியில பூசிக்கிடுதா. என்னையும் கூப்பிடுதா.

...வேண்டாம்னு சொல்லாதீங்க அப்பா. அந்தப் பிள்ளையவாவது தூக்கிட்டு வாரேன். வைக்கேன்.