மூன்றாவது கருப்பட்டி

கருப்பட்டியை மோந்து பார்த்தே நல்லதா கலப்படமா என்று சொல்லிவிடுவேன், சாரே. ஆரியசாலையில் நாட்டு மருந்துக் கடை வைத்து ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது. படிப்பு நாலாம் கிளாஸ்தான். ஆனால் எந்த விதை வயிற்றை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பள்ளிக்கூடக் கேன்டீன் லீலாபாயைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். அவள் வடையில் ஒன்றும் இல்லை. என் சரக்கை அவள் பேரில் எழுத வேண்டாம்.

என் பேத்தி ஸ்ரீப்ரியாவுக்கு அமெரிக்கக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அங்கே படிக்கிற பாடத்துக்கு இங்கிருந்தே முன்கூட்டிப் பரீட்சை எழுதலாமாம்; வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அது செல்லுமாம். மே மாதம் மூன்று பரீட்சை. தேறினால் கிரெடிட்; அந்தப் பாடத்தை அங்கே மறுபடி படிக்க வேண்டாமாம். நாலு வருஷப் படிப்பு மூன்றாகும்.

"ஒரு வருஷம் முன்னாடியே வந்துருவேன் பாட்டா, கேட்டியளா" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் அப்பன், என் மகன், இரண்டே வருஷம் என்று விமானம் ஏறினான். பதினாறு ஆகிறது. சீக்கிரம் முடிக்கிறவன் அங்கேயே சீக்கிரம் வேலையில் ஒட்டிக்கொள்வான், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் மூத்தவர் கையால் ஒரு வாய் கருப்பட்டி தின்றுவிட்டுத்தான் படியிறங்குவார்கள். முதல் பரீட்சையன்று அதில் கொஞ்சம் நேர்வாளம் வைத்து உருட்டினேன். பேதிக்குக் கொடுக்கிற விதை. பரீட்சை கெட்டால் போதும். அவளோ நாலு தடவை ஓடியும் முழுசாக எழுதிவிட்டு வந்தாள். இரண்டாவதுக்குக் கூட்டினேன். உப்புக்கரைசல் குடித்துக்கொண்டே அதையும் எழுதினாள். பரீட்சைப் பயம் என்றாள் என் மருமகள் உலகம்மை.

விஷம் இறக்கிப் பக்குவம் செய்த பிறகே அந்த விதையை விற்போம். மூன்றாவதுக்குப் பக்குவம் செய்யாத சாக்கிலிருந்து எடுத்தேன். கை தவறியது என்று எழுதாதீர்கள். என் கை தவறாது.

வாயில் போட்டதும் முகம் சுளித்தாள். "நாக்கு எரியுது பாட்டா. உங்க கையாச்சேன்னு முழுங்குதேன்."

"முழுங்கு மக்ளே" என்றேன்.

அன்று கேன்டீனில் ஒரு வடையும் தின்றிருந்தாளாம்; பரீட்சை ஹாலிலேயே விழுந்தாள். இரண்டு கிட்னியும் போயிற்று.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். எதற்கு? அமெரிக்கா போயிருந்தால் அவள் வந்திருக்க மாட்டாள். இப்போது ரத்தம் சுத்தம் பண்ண வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மூன்று நாளும் திரும்பி வந்துவிடுகிறாள்.