ஊறவைக்காத கிழங்கு

பானையைச் சரியாகக் கழுவாதவர்கள் மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அவர்கள் புண்ணியத்தில்தான் பத்தொன்பது வருடம் என் பிழைப்பு ஓடியது. உடைந்த ஓட்டில் அடிப்பிடித்த கருகலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால், ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால் அதில் என்ன வெந்தது என்று சொல்லிவிடுவேன்.

ஒருமுறை வந்த ஓடுகளில் ஒரு காட்டுக்கிழங்கின் துகள்கள் இருந்தன. கூடவே சாம்பல். அடுப்புச் சாம்பல் பானைக்கு வெளியேதான் ஒட்டும். இது உள்ளே, கிழங்கோடு கலந்து படிந்திருந்தது. அது விஷக்கிழங்கு. சாம்பல் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே சமைத்திருக்கிறார்கள். இதை உறுதிசெய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது. புத்தகத்துக்காக நான் எழுதிக் கொடுத்த அந்தப் பக்கத்தை அடித்துப்போட எங்கள் ஆய்வுக்கூட இயக்குநருக்கு இரண்டு நிமிடம்.

"அவ்வளவு நாள் எவன்மா காத்துட்டு இருப்பான்? பசிச்சதும் சுட்டுத் தின்னுருப்பான். படிக்கவும் அதுதான் நல்லா இருக்கும்" என்றார்.

புத்தகம் அவர் பெயரில் வந்தது. வெளியீட்டு விழாவில் என்னைக் கைகாட்டி, "இவங்கதான் நம்ம சமையல்காரம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அருங்காட்சியகத்தில் ஆதிகால விருந்து என்று ஓர் ஏற்பாடு. "புத்தகத்துல இருக்கிறபடியே செஞ்சிடுங்க" என்றார்.

"அப்படியே செய்யட்டுமா சார்?"

இரண்டு தடவை கேட்டேன். அதை நீங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கிழங்கை நானே தோண்டி எடுத்து வந்தேன். தணலில் புதைத்துச் சுட்டேன். பதினொரு பேர் சாப்பிட்டார்கள். படம் எடுக்க வந்த பெண்ணுக்கு ஆறாவது மாதம். "அக்கா, இன்னொரு துண்டு கிடைக்குமா? இப்பல்லாம் எதைப் பார்த்தாலும் பசிக்குது" என்று கேட்டாள். கருகாத துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"நீங்க சாப்பிடலையா?"

"சமைச்சவளுக்கு எங்கம்மா பசிக்கும்?"

நான்கு பேர் இறந்தார்கள், அவளும் ஒருத்தி. இயக்குநர் பிழைத்துக்கொண்டார். அவருக்கு அன்று பல்வலி. படத்துக்காகக் கிழங்கை வாயருகே பிடித்ததோடு சரி.

இதை விபத்து என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். எழுதியது அவர், நான் செய்தது அவர் சொன்னபடி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஊறாத கிழங்கு அப்படிக் கசக்கும். முந்தின நாள் நகக்கண் அளவு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டேன். ஒரு வாய்க்கு மேல் யாரும் தின்றிருக்க மாட்டார்கள். அதனால் துண்டுகள் மீது தேன் தடவினேன். கசப்பு தெரியாத அளவுக்கு, தாராளமாக.

எந்த ஓட்டிலும் தேனுக்குச் சான்று கிடையாது. அறிக்கையில் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். ஆதாரம் இல்லாமல் நான் செய்தது அது ஒன்றுதான்.