மாடலிங் படித்த பெண்

திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட எங்கள் பேருந்து, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் பின்னே அசையாது நின்றது. முன்னிருக்கையிலிருந்த அம்மையார் லாரிக்காரர்களை வைது ஓய்ந்தபின், அருகிலிருந்த தம் அக்காள் மகளிடம் திரும்பினார்.

"மாடலிங் பண்றேன்னு நீ சொன்னதாலதானே மாப்ள வூட்டுக்காரங்க வேணாம்னு ஓடிப் பூட்டாங்க?"

அப்பெண்ணின் முகத்தைக் காண நானும் சற்றே எட்டிப் பார்த்தேன். என் வயதுக்கு அது அழகன்று.

"ஐயோ சித்தி, லாரி எப்ப வருது, எம்மா நேரம் நிக்குதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுப் பாக்கறதுக்கும் பேரு மாடலிங்தான்."

"லாரி ஏன் நிக்குதுன்னு படிச்சவ, டாக்டர் பட்டத்துக்குக் கடைசி பரீட்சை அன்னிக்கு அதே லாரி பின்னால நின்னுகினு கீறியே!"

"அதான் சித்தி என் லட்சணம். இந்த ரோட்ட பத்தி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணேன். இன்னிக்கு வூட்ட வுட்டு சீக்கிரம் கெளம்பணும்னு மட்டும் தோணல."

"பரீட்சை வைக்கிற சாருக்கு போனப் போடு. கோச்சிக்கப் போறாரு."

பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள். பேசி முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அவரும் எண்ணூர்லேந்து கார்ல வராராம். நம்ம பின்னாலதான் மாட்டிக்கினு கீறாரு சித்தி! 'உன் ஆராய்ச்சிய நேர்லயே பாத்துட்டிருக்கேம்மா'ன்றாரு."

சித்தி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முன்னே நின்ற லாரியை நோக்கிக் கூவினார்.

"டிரைவரு நைனா, அவசரமே இல்ல! இன்னும் கொஞ்ச நேரம் அப்டியே நில்லு!"