அறுபத்தொண்ணாம் பக்கத்துச் சைபர்

— கத்தாதக்கா, உள்ள பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் தேர்வு பண்ற கமிட்டி உக்காந்திருக்கு. நான் கேக்கறது ஒரு லெட்டர். நாலு வரி. சிம்பிள்.

— என்னன்னு எழுதணும்?

— 'அறுபத்தொண்ணாம் பக்கத்துல தட்டச்சுல நடந்த தப்பு என்னோடது'ன்னு. கீழ கையெழுத்து. டைப்பிங் தப்புன்னா ஒரு திருத்தச் சீட்டு ஒட்டச் சொல்லி விட்டுடுவாங்க. புத்தகம் எழுதினவர் தப்புன்னா அது ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போகாது.

— தப்புப் பண்ணினது நீ.

— டைப் அடிச்சது நீதானே?

— நான் சைபர்னு அடிச்சேன். கேட்டுக்கோ, சைபர். ஃபார்மால்டிஹைடுல கார்பனோட ஆக்சிஜனேற்ற எண் சைபர். அத நாலாக்கினது யாரு?

— பிரஸ்ல கடைசியா ஒரு தடவ புரட்டினப்ப கண்ணுல பட்டுச்சு. கார்பன்னா நாலு. பத்து வருஷமா போர்டுல எழுதிப் போடறேன். நீ தூக்கத்துல அடிச்சிட்டேன்னு நினைச்சேன்.

— ஒரு போன் போட்டுக் கேக்க மாட்ட?

— மெஷின் ஓடிட்டு இருந்துச்சுக்கா!

— நாலுங்கறது இணைதிறன்டா. அது வேற, இது வேற. அந்தப் பாடத்தோட தலைப்பே அதுதான். தலைப்பையாவது படிச்சியா?

— எல்லாம் ஒண்ணுதான். ஒரு பிளஸ், ஒரு மைனஸ் கூடக் கொறைய வரும். பசங்களுக்கு இதெல்லாம்…

— ஒண்ணா? கேட்டுக்கோ. ஒரு பிணைப்புல இருக்கற ரெண்டு எலக்ட்ரானும் ரெண்டு பேருக்கும் பொது. ஆனா ஆக்சிஜனேற்ற எண் போடறப்ப, எவன் பலமா இழுக்கறானோ ரெண்டையும் அவன் பேர்ல எழுதிடறோம். சும்மா பேருக்கு. ஹைட்ரஜன் பக்கத்துலேர்ந்து கார்பனுக்கு ரெண்டு வருது, ஆக்சிஜன் பக்கம் ரெண்டு போகுது. மிச்சம் சைபர். அதுக்காகக் கார்பன் கைய கட்டிட்டு நிக்குதா? நாலு கையாலயும் புடிச்சிட்டு நிக்குது. அந்தக் கைய எண்ணினா இணைதிறன்.

— சரி, சரி, கிளாஸ் எடுக்காத.

— எனக்கு ஏதுடா கிளாஸு? நான் லேப்ல குடுவை கழுவறவ. முன்னுரைல என்ன போட்டிருக்க? 'தட்டச்சு உதவி, என் அக்கா.' பதினாலு பாடம். ரெண்டு வருஷம். வேலை முடிஞ்சு வந்து, சமைச்சு வச்சிட்டு, அடுப்படி மேடைலயே நோட்ட விரிச்சு எழுதினேன்.

— லேப் அசிஸ்டென்ட் எழுதின புத்தகம்னா யாருக்கா கைல தொடுவாங்க? என் பேரு இருக்கறதாலதான் இந்த வராண்டா வரைக்கும் வந்திருக்கு.

— நல்லது எல்லாத்துக்கும் உன் பேரு. தப்புக்கு மட்டும் என் பேரா?

— சார், உள்ள கேக்கறாங்க. லெட்டர் வருதா இல்லையா? அஞ்சு நிமிஷத்துல உங்க புத்தகத்த ஒதுக்கிட்டு அடுத்தத எடுக்கறாங்களாம்.

— இதோ பியூன் சார், ஒரே நிமிஷம். அக்கா, எழுதுக்கா. கால்ல விழணுமா?

— பேனா குடு.

— இந்தா. என் செல்ல அக்கா. தப்பு என்னோடதுன்னு தெளிவா போடு.

— தெளிவாத்தான் போடறேன். முதுக காட்டு, வச்சு எழுத மேஜை இல்ல… ஆடாம நில்லு… ம், ஆச்சு. படிச்சுப் பாரு.

— எதுக்கு? நாலு வரிதானே.

— அஞ்சு ஆயிடுச்சு. படிச்சுப் பாருடா.

— நேரமில்லக்கா. பியூன் சார், கொண்டு போங்க… அப்பாடா. பாத்தியா? சிம்பிள். இதுக்குப் போய் வராண்டாவே கிடுகிடுக்கற மாதிரி கத்தின.

— ரெண்டாவது தடவ.

— என்ன ரெண்டாவது?

— படிக்காம அனுப்பறது.

— ஆரம்பிச்சிட்டியா மறுபடி? முடிஞ்சு போச்சுல்ல, விடு. சாயங்காலம் உனக்கு ஒரு புடவை… பாரு, பியூன் வர்றாரு. என்ன சார், ஓகே ஆயிடுச்சா?

— இன்னும் இல்ல சார். ஒதுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணுமாம். ஆக்சிஜனேற்ற எண்ணுக்கும் இணைதிறனுக்கும் என்ன வித்தியாசம்னு. எழுதினவங்கள மட்டும் உள்ள வரச் சொன்னாங்க.

— அட, இவ்வளவுதானா? வர்றேன், வழி விடுங்க.

— நீங்க இல்ல சார். 'இப்படிக்கு, பதினாலு பாடத்தையும் எழுதியவள்'னு கையெழுத்து போட்டிருக்காங்களே, அவங்க. மேடம், வாங்க.