மணிக்கு எழுபது

முதலில் அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள் சார். உங்கள் எழுத்தர் பாவம், ஒரு கையால் எழுதிக்கொண்டு மறு கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் வேலை ரோப் கார் ஓட்டுவது. மலை உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம், பக்கத்தில் இயந்திர அறை, அதை ஒட்டி எங்கள் குவார்ட்டர்ஸ். எனக்கு முன்னால் அப்பா இதே வேலையைப் பார்த்தார். ரோப் காரில் பன்னிரண்டு நிமிஷத்தில் கீழே போய்விடலாம். நடந்தால் ஆறு மணி நேரம். காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை எடுக்கக் கூடாது. காற்றுமானி பள்ளத்தாக்கின் நடுவே மூன்றாவது கம்பத்தில் சுழல்கிறது. அதன் முள் என் அறையில், அறைச் சாவி என் இடுப்பில். அளவைப் படிப்பது நான், பதிவேட்டில் எழுதுவது நான். கீழ் நிலையத்தில் இருப்பவர் என்னை ஏன் என்று கேட்க முடியாது. விதி அப்படி.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தம்பியும் தங்கையும் வந்தார்கள். தம்பி பல் டாக்டர், தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோபுரத்து ஆட்கள் லீவில் இறங்கிவிட்டதால் மலையில் அம்மாவையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர்தான். மறுநாள் சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்புவதாக ஏற்பாடு.

நட்சத்திரம் மாட்ட ஒயர் தேடினேன். அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்த ஒரு பெட்டி. அவளுடைய துணிமணி, மாத்திரைகள், துணிகளுக்கு நடுவே பொதிந்து வைத்த அப்பாவின் படம். நாலு நாள் போய்விட்டு வருகிறவர்கள் படத்தை எடுத்துப்போக மாட்டார்கள் அல்லவா?

நான் சத்தம் போடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலை என் அறைக்குப் போனேன். முள் பதினெட்டில் நின்றது. பதிவேட்டில் எழுபது என்று எழுதினேன். குடும்பம் சேர்ந்து இருக்கட்டுமே என்றுதான்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. "அண்ணே, காத்துக்குக் கிறிஸ்துமஸ் லீவெல்லாம் கிடையாதா?" என்று தம்பி சிரித்தான். மறுநாளும் எழுபது. அவன் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்து தேய்ந்தான். "இங்க ஒரு இலைகூட அசையலையேண்ணே." நடுப் பள்ளத்தாக்கில் வேறு காற்று என்றேன். தங்கை நகத்தைக் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மட்டும் காது கொடுத்துக் கேட்டாள். காற்று வலுத்தால் கம்பி வடம் முனகும். அப்பா காலத்திலிருந்தே அவளுக்கு அது பழக்கம். பாத்திரம் துலக்குகிறபோது என்னிடம் மெதுவாக, "கம்பி சத்தமே காணோமேடா" என்றாள்.

"உனக்குக் காது மந்தமாயிடுச்சும்மா."

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். ஒருதரம் சொன்னால் புரிந்துகொள்வாள்.

தங்கைதான் பொறுமை இழந்தாள். "மூணு வருஷமா அம்மா மலையை விட்டு எறங்கல. கண்ணு ஆஸ்பத்திரியில நாலு தடவை நாள் வாங்கினேன். நாலு தடவையும் காத்து. அதெப்படிண்ணே, அம்மா கெளம்பறான்னாலே அதுக்கு மூக்கு வேர்த்துடுது?"

"விடுடி," என்றாள் அம்மா.

"எதுக்கு விடணும்? அண்ணன் குளிக்கப் போற நேரமாப் பாத்துத்தானே நீ எங்களுக்கு ஃபோன் பண்றே. தண்ணிச் சத்தம் நின்னா ஃபோனை வெச்சிடறே. பெத்த பிள்ளைக்கு இப்படிப் பயப்படுவாங்களா?"

எனக்குத்தான் மனசு கஷ்டமாக இருந்தது சார். நான் பத்து நிமிஷத்தில் குளித்துவிடுகிறவன். பத்து நிமிஷத்தில் ஒருத்தி என்ன மனம்விட்டுப் பேச முடியும்?

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"நான் பல்லு டாக்டர்தான், ஆனா இதயம் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்ணே," என்றான் தம்பி. கீழே ஃபோன் செய்தான். மேலே இருப்பவர் சொன்னால்தான் வண்டி என்றார்கள். மீட்புப் படை நடந்து வருவதாகச் சொன்னார்கள்.

நான் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பதினொன்று.

எடுத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்று எடுத்தால் நேற்றைய எழுபது, முந்தாநாள் எழுபது, மூன்று வருஷத்து எழுபதெல்லாம் என்ன ஆவது? அதோடு, இறங்கினால் அவள் திரும்பி ஏறமாட்டாள். பெட்டியில் அந்தப் படம் இல்லாமலிருந்தால் ஒருவேளை எடுத்திருப்பேன்.

தம்பி என் காலைப் பிடித்தான். "ஒரே ஒரு ரிஸ்க் எடுண்ணே. என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ஆள் உயிரோடு விளையாட முடியாது என்றேன்.

அம்மா தங்கையின் மடியிலிருந்து என்னைப் பார்த்தாள். "போதும்டா. வண்டியை எடு."

"காத்து அடிக்குதும்மா," என்று தம்பி அழுதுகொண்டே சமாதானம் சொன்னான். அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒன்றேகாலுக்குக் கண் மூடினாள்.

மீட்புப் படைத் தலைவர் நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். நேராக என் அறையைத் திறக்கச் சொல்லி முள்ளைப் பார்த்தார், ஒன்பது. பதிவேட்டைப் பார்த்தார், எழுபது. பிறகு என்னைப் பார்த்தார்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். மூன்று நாளும் காற்று இல்லை. எனக்குத் தெரியும். அம்மாவைக் கீழே இறக்காமல் வைத்திருந்தது நான்தான். ஆனால் "வண்டியை எடு" என்று அவள் சொன்னதாகத் தம்பி கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். அது வலியில் வந்த பேச்சு. என்னை விட்டுப் போக வேண்டும் என்று அம்மா ஒருநாளும் நினைத்ததில்லை.