அறுப்பின் பண்டிகை ஸ்கூட்டர்

செல்வதாஸ்: பைய மக்கா, பைய... ஸ்பார்க் பிளக்குக்க தல ஒடிஞ்சிரப் போவுது.

ஜெரிஷ்: ஒடிஞ்சாச்சு மாமா.

செல்வதாஸ்: எது?

ஜெரிஷ்: வெள்ளப் பீங்கான். ஸ்பேனரப் போட்டுத் தொட்டதுதான்... இரும்பு மட்டும் அசையாம இருக்கு.

செல்வதாஸ்: கர்த்தருக்குக் குடுத்த வண்டிய இப்பிடிப் போட்டு ஒடைக்கியே.

ஜெரிஷ்: பழைய பிளக்கு இறுகிக் கெடக்குன்னு, நேத்து நான் இத ஏலத்துல எடுக்கும்பமே சபையில ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?

செல்வதாஸ்: அறுப்பின் பண்டிகை ஏலத்துல கோழி எடுக்கவன், இது முட்ட போடுமான்னு கேட்டா எடுப்பான்? நீதான எறக்குன கைய மறுபடி மறுபடி தூக்குன. போதகரே பயந்துட்டாரு.

ஜெரிஷ்: உங்க வண்டிய நீங்களே எதுக்கு எதுத்துக் கேட்டீங்க?

செல்வதாஸ்: ஏலம் சூடு பிடிக்காண்டாமா... அது கெடக்கட்டு. நாளைக்கு மஸ்கட்டுக்கு ஃபிளைட் ஏறுகவனுக்கு ஸ்கூட்டர் எதுக்குலே?

ஜெரிஷ்: இண்ணைக்குச் சாயங்காலம் ஒரு வீட்டுல பொண்ணு கேக்கணும். அம்மையப் பொறத்தால இருத்தி, இந்த வண்டியிலதான் போகணும். இண்ணைக்கு விட்டா அடுத்த லீவுதான்... அதுக்குள்ள வேற எவனாவது கேட்டுருவான்.

செல்வதாஸ்: ஆட்டோ பிடிச்சுப் போயேன்.

ஜெரிஷ்: இதுல போனாதான் பொண்ணுக்க அப்பாவுக்குப் பிடிக்கும்.

செல்வதாஸ்: ஓ... ஆளு எப்பிடி?

ஜெரிஷ்: நல்ல மனுசன். கொஞ்சம் முசுடு.

செல்வதாஸ்: கொஞ்சமா?

ஜெரிஷ்: ஊருல நெறையன்னுதான் சொல்லுகாவ...

செல்வதாஸ்: ம்... செரி. இந்தா சுத்தியல். ஒரு போடு போடு.

ஜெரிஷ்: வேண்டாம் மாமா. எஞ்சின் ஹெட்டு அலுமினியம். அடிச்சா மரை போயிரும்.

செல்வதாஸ்: மஸ்கட்டுல பெரிய பெரிய ஜெனரேட்டரக் கழத்துகவன்னு சொன்னாவ. ஒரு பிளக்குக்கு இப்பிடிக் கெடந்து உருகுதியே.

ஜெரிஷ்: சைக்கிள் பம்பு இருக்கா? பீங்கான் சில்லு கெடக்கு. ஊதிக் களையாமக் கழத்துனா உள்ள விழுந்து பிஸ்டனக் கீறிரும்.

செல்வதாஸ்: ஏட்டி ஜெனிலா... பம்பும் ரெண்டு சாயாவும் கொண்டா. என்னலே, ஸ்பேனர் கீழ விழுது?

ஜெரிஷ்: கையில... எண்ணெய் மாமா.

செல்வதாஸ்: எனக்க மவளுக்க பேரக் கேட்டதும் வழுக்குன மாதிரி இருந்துது.

ஜெரிஷ்: மண்ணெண்ண விட்டிருக்கு. சாயா குடிக்கது வரைக்கும் ஊறட்டும்.

செல்வதாஸ்: சில்ல ஊதியாச்சு, சாயாவும் குடிச்சாச்சு, வெயில் ஏறுது. நான் அடிக்கட்டா?

ஜெரிஷ்: மாமா... சுத்தியல அங்க வையுங்க. கொஞ்சம் கழத்தணும், கொஞ்சம் திரும்ப இறுக்கணும். அப்பதான் மரையில இருக்க கரி பொடிஞ்சு வரும்.

செல்வதாஸ்: கழத்த வந்தவன் இறுக்குகான். நல்ல வேலக்காரன்.

ஜெரிஷ்: ஒரே வாக்குல திருகுனா முறிஞ்சு, பாதி உள்ளயே இருந்துக்கும்.

செல்வதாஸ்: இப்பிடியே போனா, நீ பொண்ணு கேக்கப் போறதுக்குள்ள அவ பிள்ள பெத்துருவா.

ஜெரிஷ்: வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க மாமா... இந்தா, கேட்டீங்களா? கிரிச்சுன்னு. இளகிட்டு... வருது... வந்தாச்சு.

செல்வதாஸ்: புதுசப் போட்டு உதைச்சுப் பாரு... ஆ, பிடிச்சிட்டு. போ மக்கா, அம்மைய ஏத்திக்கிட்டுப் போய்க் கேளு.

ஜெரிஷ்: ...எங்கயும் போக வேண்டாம் மாமா.

செல்வதாஸ்: ஏன், முசுடனுக்குப் பயந்தா?

ஜெரிஷ்: அந்த முசுடு நீங்கதான். எனக்கு ஜெனிலா இல்லாம முடியாது மாமா. அவள எனக்குக் கட்டித் தாங்க.

செல்வதாஸ்: பொண்ணு கேக்க அம்மை இல்லாம ஒத்தைக்கா வருவ?

ஜெரிஷ்: இப்பமே போய்க் கூட்டியாறேன்.

செல்வதாஸ்: வண்டிய நிறுத்துலே. நீ வாறதுக்கு முன்னாலயே உனக்க அம்மை ஆட்டோல வந்தாச்சு. சம்மதம் பேசி முடிச்சு, எனக்க வீட்டுக்காரிகூட உள்ள இருந்து மரச்சீனிக் கெழங்கு தின்னுட்டு இருக்கா.

ஜெரிஷ்: பின்ன எதுக்கு மாமா காலம்பற இருந்து என்ன இந்த வெயிலுல போட்டு வறுத்தீங்க?

செல்வதாஸ்: நேத்து உனக்க அம்மை ஃபோன்ல, ‘எனக்க மவனுக்குக் கோவமே வராது’ன்னு சொன்னா. பெத்தவ அப்பிடித்தான சொல்லுவா... அதான், நெசமான்னு பாக்க, ஃபோன வச்ச கையோட ஸ்பேனருல பைப்ப மாட்டி அந்தப் பிளக்க நானே இறுக்கி வச்சேன்.